மனச்சோர்வு: கண்டுபிடிப்பது முதல் குணமாகும் வரை – தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காமாட்சி விளக்கு எரியாமல் இருந்ததில்லை. அப்பா இறந்த வருடம்கூட, தீட்டு கழிந்ததும் அம்மா விளக்கை எடுத்துத் துலக்கிவிட்டார். நான்கு வருடம் கழித்து, ஒரு காரணமும் சொல்லாமல் நிறுத்தினார். கேட்டால் தலை வலிக்கிறது என்பார், உடம்பெல்லாம் வலி என்பார், "எனக்கு நெர்வ்ஸ்" என்பார். இந்த ஊரில் நம் பாட்டிமார் காலத்திலிருந்து எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அதே மருந்துச்சீட்டு மாதாமாதம், கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஓடியது. மனசு எப்படி இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பிறகு சர்க்கரை அளவு பார்க்கப் போன இடத்தில் ஒரு நர்ஸ், "கடைசியாக எப்போது எதையாவது ஆசையாகச் செய்தீர்கள்?" என்று கேட்டார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார். அன்றுதான் சிகிச்சை தொடங்கியது.

நான் டாக்டர் இல்லை. அம்மாவோடு நடந்த நடையிலும், பிறகு எங்கள் கோயில் பெண்கள் சிலரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனதிலும் கற்றுக்கொண்டதை, அந்த முதல் இரண்டு வருடம் வேறு எந்த வீட்டிலும் வீணாகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில், இன்றே அவசரம் என்றால்

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ சாக வேண்டும் என்ற எண்ணம் இப்போது இருந்தால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். 0800 567 567 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது சாடாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற உதவிக் குழுவின் தற்கொலைத் தடுப்பு எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள். பீதி நோயால் வருடக்கணக்கில் தவித்த ஸேன் வில்சன் என்ற பெண்மணி 1994-இல் தொடங்கிய அமைப்பு அது. உடனே உயிருக்கு ஆபத்து என்றால் 10177-க்கோ, செல்போனிலிருந்து 112-க்கோ அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே போங்கள். அந்த ஆளைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் சேர்ந்துகிடக்கும் மாத்திரைகள், துப்பாக்கி, பூச்சிமருந்து எதுவாக இருந்தாலும் அன்றே வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

"செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒருவராவது கேட்டார்களே என்று மூச்சுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முதல் படி: ஒரு காகிதத்தை எடுங்கள்

ஒரு நோட்டுத் தாள் போதும். 14 நாள் தினமும் ராத்திரி இரண்டு வரி எழுதுங்கள். ஏன் 14 நாள்? டாக்டர்கள் மனச்சோர்வு என்று சொல்வதற்கு, அறிகுறிகள் குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதியில் இருக்க வேண்டும். ஏற்கெனவே மாதக்கணக்கில் இப்படித்தான் போகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், நினைவில் உள்ளதை இன்றே எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.

எதைக் கவனிப்பது? அடிப்படையானவை இரண்டு. ஒன்று, மனசு கனத்தோ வெறுமையாகவோ இருப்பது. இன்னொன்று, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது. இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு பசியோ எடையோ மாறுவது, தூக்கம் கெடுவது அல்லது எந்நேரமும் தூங்குவது, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிப்பது, எதுவும் செய்யாமலே களைப்பு, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற குற்ற உணர்வு, கவனம் நிற்காமை, சாவைப் பற்றிய எண்ணம். மொத்தம் ஒன்பது. குறைந்தது ஐந்து சேர்ந்திருந்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் டாக்டர் அதை மனச்சோர்வு என்று கணிப்பார்.

ஆனால் இந்தப் பட்டியல் நம் வீடுகளில் வேறு வேஷத்தில் வரும். அம்மா ஒருநாளும் "எனக்குச் சோகம்" என்று சொன்னதில்லை. விளக்கை நிறுத்தினார். சித்தி போன் செய்தால் எடுக்கவில்லை. கறிக்கு மசாலா வறுப்பதில் அத்தனை கறாராக இருந்தவர், ரொட்டியும் டீயுமே போதும் என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஆண்கள் விஷயத்தில் இது கோபமாக வரும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கி ஞாயிறு வரை குடியாக வரும். குடிப்பதால்தான் இப்படி இருக்கிறார் என்று வீடு சொல்லும். பல சமயம் இப்படி இருப்பதால்தான் குடிக்கிறார். மெட்ரிக் படிக்கும் பிள்ளைகளிடம் எரிச்சலாகவும், கதவைச் சாத்திக்கொள்வதாகவும், மார்க் சரிவதாகவும் தெரியும். பிரசவம் ஆன பெண்ணிடம், பிள்ளையைப் பார்த்தாலும் மனசில் ஒன்றும் எழவில்லையே என்ற பயமாக இருக்கும். முதல் சில நாள் அழுகை பலருக்கும் வந்து போவதுதான். இரண்டு வாரம் தாண்டினால் அது வேறு. கிளினிக்கில் பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளிலேயே சொல்லிவிடலாம்.

துக்கத்தையும் மனச்சோர்வையும் எப்படிப் பிரிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் துக்கமும் முடிந்துவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. துக்கம் அலை அலையாக வரும். போனவரைப் பற்றிப் பேசும்போது நடுவில் ஒரு சிரிப்பும் வரும். மனச்சோர்வில் அந்த இடைவெளி இருக்காது, எல்லா நாளும் ஒரே மேகமூட்டம். துக்கத்தில் இருப்பவர் போனவரை எண்ணி அழுவார். மனச்சோர்வில் இருப்பவர் தன்னையே வெறுக்கத் தொடங்கியிருப்பார். ஒன்று இன்னொன்றாக மாறவும் செய்யும். அப்படி மாறினால், "துக்கம்தானே, காலம் ஆற்றும்" என்று விட்டுவைக்காதீர்கள்.

காரணம் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடு போனதாக இருக்கலாம், பிள்ளை 'சுகர்ஸ்' என்ற போதைப்பொருள் பழக்கத்தில் விழுந்ததாக இருக்கலாம், ஒரு காரணமும் இல்லாமலும் இருக்கலாம். வம்சத்தில் இருப்பது, பழைய காயங்கள், மூளையின் இயக்கம், கடன், தனிமை எல்லாம் கலந்துதான் இது வருகிறது. ஊரிலிருந்து வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்த குடும்பங்களில், வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் நாள் முழுக்க பூட்டிய கேட்டுக்குள் இருக்கும் மனைவிமார் இதில் எளிதாக விழுகிறார்கள். "எல்லா வசதியும் இருக்கிறதே, உனக்கு என்ன குறை?" என்ற கேள்வி அவர்களை இன்னும் ஊமையாக்கும்.

இரண்டாம் படி: கிளினிக்கில் அந்த வாக்கியத்தைச் சொல்வது

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இது இருக்கட்டும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், தலைவலியிலிருந்து தொடங்காதீர்கள். "இரண்டு வாரத்துக்கு மேலாக என் மனசு சரியில்லை. எனக்கு டிப்ரெஷனா என்று பார்க்க வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஒரு நோயாளிக்கு ஏழெட்டு நிமிடம்தான் கிடைக்கும் இடத்தில், முதலில் சொன்னதற்குத்தான் வைத்தியம் நடக்கும். வாய் வரவில்லையா, அந்தக் காகிதத்தை நீட்டுங்கள். அதற்காகத்தான் எழுதச் சொன்னேன்.

அரசு கிளினிக்கில் முதல்நிலைச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டை, கிளினிக் அட்டை, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் டப்பாக்கள், அந்தக் காகிதம், கூட ஒரு ஆள். விடிகாலையிலேயே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்குக் காலைதான் மிக மோசமான நேரம் என்பதால், அவருக்காக நீங்கள் போய் நின்று, பிறகு அவரை வரச் சொல்லுங்கள். கிளினிக்கில் முடியாதது என்றால் கடிதம் கொடுத்து ஆர்.கே. கான் போன்ற மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் டவுன்ஹில் மனநல மருத்துவமனை இருக்கிறது. கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். அதன் பெயர் பி.எச்.க்யூ-9. போன இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் தீவிரமாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எதைக் குறித்தாலும் அன்றே வாயாலும் சொல்லிவிடுங்கள். நல்ல பெயர் எடுக்கும் பரீட்சை இல்லை இது.

ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். தைராய்டு குறைந்தால் அப்படியே மனச்சோர்வு போலவே இருக்கும். ரத்தசோகையும், சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் பி12 குறைவும் அப்படித்தான். நம் சமூகத்தில் சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கிறது. சர்க்கரையும் மனச்சோர்வும் ஒன்றை ஒன்று மோசமாக்கும், அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்றை மறைக்கவே கூடாது. எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், அடங்காத உற்சாகத்தில், கண்டபடி செலவு செய்து, நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்த காலம் இருந்ததா? குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்ததா? அது பைபோலார் ஆக இருக்கலாம். அவர்களுக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் நிலைமை தலைகீழாகப் புரண்டுவிடக்கூடும்.

மெடிக்கல் எய்டு உள்ளவர்களுக்கு: எந்தத் திட்டமாக இருந்தாலும், மருத்துவமனைச் செலவை மட்டும் பார்க்கும் திட்டமாக இருந்தாலும், குறைந்தபட்சக் கட்டாயப் பலன்கள் என்று சட்டம் வைத்திருக்கிறது. கடுமையான மனச்சோர்வுக்கு ஆண்டுக்கு 3 வாரம் வரை மருத்துவமனைச் சிகிச்சை, அல்லது 15 தடவை வரை வெளிநோயாளியாகப் பேச்சுச் சிகிச்சை அதில் அடங்கும். இதை அவர்களாக எடுத்துச் சொல்வது அரிது, நீங்கள்தான் கேட்க வேண்டும். டாக்டர் எழுதும் நோய்க் குறியீடு, எஃப்32 அல்லது எஃப்33, பில்லில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் ஒப்பந்தம் வைத்திருக்கும் டாக்டர் யார் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். மாதாந்தர மருந்து வேறு கதை. பைபோலாரும் ஸ்கிசோஃப்ரினியாவும் நாட்பட்ட நோய்களின் கட்டாயப் பட்டியலில் இருக்கின்றன, மனச்சோர்வு இல்லை. இது நியாயமே இல்லை என்பது என் கருத்து. அதனால் விலை குறைந்த ஜெனரிக் மருந்தை எழுதச் சொல்லுங்கள்.

யார் யார் என்ன செய்வார்கள் என்ற குழப்பமும் உண்டு. மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். குடும்ப டாக்டரும் எழுதலாம், பெரும்பாலானோருக்கு அதுவே போதும். உளவியலாளர் பேச்சுச் சிகிச்சை தருவார், இந்த நாட்டில் அவர் மருந்து எழுத முடியாது. சோஷியல் ஒர்க்கரும் ஆலோசனை தருவார், செலவு குறைவு.

மூன்றாம் படி: மருந்து தொடங்கிய முதல் எட்டு வாரம்

காகிதத்தில் மருந்தின் பெயரையும் தொடங்கிய தேதியையும் எழுதுங்கள். பெரும்பாலும் ஃப்ளூவாக்ஸெட்டின் அல்லது சிட்டலோப்ராம் கொடுப்பார்கள். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, லேசான படபடப்பு வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுதாகத் தெரிய ஆறு எட்டு வாரம்கூட ஆகும். அதாவது தொல்லை முதலில் வருகிறது, நன்மை பிறகு வருகிறது. இந்த இடைவெளியில்தான் ஆட்கள் மருந்தைக் குப்பையில் போடுகிறார்கள். பத்தாம் நாள் அம்மாவும் போடப் பார்த்தார். தேதி எழுதின காகிதத்தைக் காட்டி, "இன்னும் பதினெட்டு நாள் பொறு அம்மா" என்று நான் சொன்னது அதனால்தான்.

25 வயதுக்குட்பட்டவர்களிடம் முதல் சில வாரம் கூடுதல் கவனம் வேண்டும். சிலருக்கு அந்தக் காலத்தில் தற்கொலை எண்ணம் அதிகமாகலாம். வாரம் ஒருமுறையாவது டாக்டர் பார்க்க வேண்டும், வீட்டிலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தால் மாத்திரை டப்பா வீட்டில் இன்னொருவர் கையில் இருக்கட்டும், அளவு மீறினால் மிக ஆபத்தான மருந்து அது.

இந்த மருந்துகளுக்கு அடிமையாவோமா? மாட்டோம். ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், அதனால் டாக்டர் சொல்லும்படி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். அடிமையாக்குவது அந்தப் பழைய தூக்க மாத்திரைகள். சில வாரங்களுக்கு மட்டும் எடுக்க வேண்டியவை அவை. வருடக்கணக்கில் எடுத்து வந்தவர்கள் அதையும் தானாக நிறுத்தக் கூடாது. கொடைன் கலந்த வலி மாத்திரைகளும் அப்படித்தான். டிராமடோல் என்ற வலி மருந்தை எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள், மனச்சோர்வு மருந்தோடு அது ஒத்துப்போகாது. தாம்பத்திய ஆசை குறைவதும் ஒரு பக்கவிளைவுதான். கூச்சத்தில் இதைச் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். சொன்னால் மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள். முதல் மருந்திலேயே எல்லாருக்கும் குணமாவதில்லை. சரியான அளவில் ஆறு வாரம் எடுத்தும் அசைவில்லை என்றால் மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் விரதம். காவடிக்கும் புரட்டாசிக்கும் விரதம் இருக்கும்போது மாத்திரையையும் சேர்த்து நிறுத்துகிறார்கள். ஃப்ளூவாக்ஸெட்டின் பெரும்பாலும் கேப்ஸ்யூலில் வரும், அந்தக் கூடு மிருகங்களிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். இது தெரிந்து சங்கடப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தச் சங்கடத்தை மதிக்கிறேன். வழி இருக்கிறது. விரதம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஃபார்மசியில் கேட்டால், கேப்ஸ்யூல் இல்லாத மாத்திரை வடிவிலோ வேறு மருந்திலோ டாக்டரிடம் மாற்றி எழுதி வாங்கலாம். விரத நேரத்துக்கு ஏற்ப வேளையையும் மாற்றிக்கொள்ளலாம்.

நான்காம் படி: பேச்சுச் சிகிச்சை

லேசான மனச்சோர்வுக்கு மருந்தில்லாமல் இதுவே போதுமானதாக இருக்கலாம். கடுமையானதற்கு இரண்டும் சேர்ந்தால்தான் நல்லது. அறிவுரை கேட்கும் இடம் என்று நினைத்துப் போகாதீர்கள். "எல்லாம் என் தப்பு" என்று மனசு சொல்வதை எழுதிப் பார்த்து, அது உண்மைதானா என்று சோதிக்கப் பழக்குவார்கள். ஆசை வரும் வரை காத்திருக்காமல், சின்னச் சின்ன வேலையாக முதலில் செய்யவைப்பார்கள். அம்மாவுக்குக் கொடுத்த முதல் வேலை, வாசல் வரை போய்க் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. அவ்வளவுதான். மூன்றாவது வாரம் ரோட்டுமுனை வரை நடந்தார். ஒருவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மூன்று தடவைக்குப் பிறகு வேறு ஆளைத் தேடலாம். தமிழில் மட்டுமே மனம்விட்டுப் பேச முடிகிற பெரியவர்களுக்கு மொழிபெயர்க்க ஒரு பெரிய ஆள் கூடப் போகலாம், பேரப்பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

கோயிலும் மந்திரிப்பதும்

திருஷ்டி கழிப்பதையோ மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதையோ விடச் சொல்ல மாட்டேன். ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் நாலு பேரோடு உட்கார்ந்திருப்பதே மனசுக்கு மருந்து. ஆனால் செய்வினை என்று சொல்லி ஆயிரக்கணக்கில் ராண்ட் கேட்கிறவரிடமும், மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடமும் போகாதீர்கள். சாமி கும்பிடுவதும் மாத்திரை சாப்பிடுவதும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"மனசைத் திடமாக வை", "வெளியே போய் நாலு பேரோடு பழகு" என்பதெல்லாம் கால் முறிந்தவரை ஓடச் சொல்வது போலத்தான். அதற்குப் பதிலாக, "நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டுமா?" என்று கேளுங்கள். "ஏதாவது வேண்டுமானால் சொல்" என்று விட்டுவிடாதீர்கள், அவரால் சொல்ல முடியாது. சோறு வடித்துக் கொண்டுபோய் வையுங்கள், கிளினிக் தேதியை நீங்கள் ஞாபகம் வையுங்கள். வர மறுத்தால் நோயின் பெயரைச் சொல்லி வாதாட வேண்டாம். "தூக்கம் கெட்டிருக்கிறது, அதைக் காட்டி வருவோம்" என்று அழைத்துப் போகலாம், உள்ளே போனதும் நீங்கள் காகிதத்தைக் கொடுக்கலாம்.

உயிருக்கு ஆபத்தான நிலையிலும் மறுத்தால், 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கடந்த ஏழு நாளுக்குள் அவரை நேரில் பார்த்த நெருங்கிய உறவினர் மருத்துவமனையில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். மனநலப் பணியாளர் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொண்டால், 72 மணி நேரம் உள்ளே வைத்துக் கவனிப்பார்கள். கடினமான முடிவுதான், ஆனாலும் எடுக்க வேண்டிய சமயத்தில் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

வேலை பற்றி ஒரு வார்த்தை. மூன்று வருடத்துக்கு ஆறு வார வேலைநாட்கள் அளவுக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு, மனச்சோர்வுக்கும் அது பொருந்தும். உங்கள் சம்மதமில்லாமல் டாக்டர் சான்றிதழில் நோயின் பெயரை எழுதக் கூடாது.

கடைசிப் படி: காகிதத்தின் பின்பக்கம்

குணமானதும் மருந்தை நிறுத்துவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நன்றாக ஆன பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை எடுக்க வேண்டும். முன்பும் ஒருமுறை வந்துபோயிருந்தால் இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். மனச்சோர்வு திரும்பி வரக்கூடிய நோய், வரும்போது பெரும்பாலும் அதே பாதையில்தான் வரும். அதனால் தெளிவாக இருக்கும்போதே, காகிதத்தின் பின்பக்கத்தில் உங்கள் முதல் அறிகுறிகளை நீங்களே எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

அம்மாவின் காகிதம் சமையலறையில் தமிழ்க் காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது. அவர் கையெழுத்தில் மூன்று வரி. விளக்கு ஏற்ற மனசு வராது. தங்கச்சி போனை எடுக்க மாட்டேன். மூணு மணிக்கு முழிப்பு வரும். அதன் கீழே கிளினிக் எண்ணும், "ரெண்டு வெள்ளிக்கிழமை விளக்கு எரியலேன்னா என்னைக் கேக்காம கூட்டிட்டுப் போ" என்றும் எழுதியிருக்கிறார்.